ஜீப்பின் கதகதப்பான மூலை

எங்கள் மலையில் தலைசுற்றல், வாந்தி, தலைவலி எது வந்தாலும் பழி வளைவுகளின் மேல்தான் விழும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வரும் சாலையின் கொண்டை ஊசி வளைவுகள் அப்படிப்பட்டவை. ஏறும்போதும் சரி, இறங்கும்போதும் சரி, பஸ் ஜன்னல்களில் நாலு தலையாவது வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். முகர்ந்து பார்க்க எல்லோர் மடியிலும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். இறங்கி முகத்தைக் கழுவி ஒரு டீ குடித்தால் சரியாகிவிடும் என்பார்கள். பெரும்பாலும் சரியாகியும் விடும். அதனால் யாரும் அதற்கு மேல் யோசித்ததில்லை. நாங்களும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் என் அக்காவின் மகளுக்கு இப்போது கல்யாண வயது ஆகியிருக்கும்.

அக்காவின் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். எண்பதுகளின் தொடக்கத்தில் அவர், ஒரு காப்பி எஸ்டேட்டில் ஓட்டி ஓட்டிக் கழித்துவிட்ட பெட்ரோல் ஜீப்பை வாங்கி, எங்கள் ஊரான வெள்ளக்கடையிலிருந்து ஏற்காட்டுக்கும், சொல்லி வைத்தால் சேலத்துக்கும் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, மேலே படுதா, அவ்வளவுதான் வண்டி. ஆனால் அதை அவர் தாங்கிய தாங்கல் இருக்கிறதே! பெட்ரோலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டே வருவார். நின்ற இடத்தில் வெறுமனே ஓடவிடவே மாட்டார். "அக்காவுக்குப் பதிலா இதுக்கே தாலியக் கட்டியிருக்கலாமுங்க மாமா" என்று கேலி செய்வேன். அக்காவும் என்னோடு சேர்ந்து சிரிப்பாள். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அம்மா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போவாள். நான் மிஷன் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். எனக்கு வாய் நீளம், கோபம் மூக்கு நுனியில் என்று ஊரில் பெயர். அந்தக் கோபத்தைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிற ஒரே ஆள் மாமா.

மழைக்காலத்திலும் மார்கழி, தையிலும் ஜீப்பின் பின்னால் உட்கார்ந்து போவது பெரும்பாடு. தரைத் தகரத்தின் குளிரில் கால் மரத்துவிடும். கல்யாணமான முதல் வருஷக் குளிரில் அக்கா ஒருநாள், "காலு என்னுதாட்டவே இல்லீங்க" என்று சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு சொல்லுக்காக மாமா ஒரு வேலை செய்தார். வண்டிக்கு அடியில் போகிற சைலென்சர் குழாயைக் கட்டுக்கம்பி போட்டு மேலே இழுத்து, பின்பக்கத்து இடது மூலையில் தரைத் தகரத்தோடு ஒட்டினாற்போலக் கட்டிவிட்டார். வண்டி கொஞ்ச தூரம் ஓடியதும் அந்த மூலைத் தகரம் சூடேறிவிடும். மேலே சாக்கை மடித்துப் போட்டுக் காலை வைத்துக்கொண்டால் உடம்பெல்லாம் கதகதப்பாகிவிடும். படுதாவில் இருந்த கிழிசல்களை எல்லாம் அம்மா கோணி ஊசியால் தைத்துக் கொடுத்தாள்.

சூட்டு மூலை என்று ஊரே அதைச் சொல்லத் தொடங்கியது. அதற்கு ஒரு முறையும் தானாக வந்து சேர்ந்தது. அந்த இடத்தை யாரும் கேட்டு வாங்கக் கூடாது, மற்றவர்கள்தான் கொடுக்க வேண்டும். வாயும் வயிறுமாக இருப்பவள், கைக்குழந்தைக்காரி, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவர், காய்ச்சல் அடிக்கிற பிள்ளை, இவர்களுக்குத்தான் அது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரே உட்கார்ந்திருந்தாலும் சரி, ஒரு கர்ப்பிணி ஏறினால் எழுந்துவிடுவார். எங்கள் மலை ஜனங்களுக்கு அது ஒரு பெருமை. சமவெளிக்காரர்கள் பஸ்ஸில் கர்ப்பிணியை நிற்க வைப்பார்கள், நாங்கள் பார், எப்படி வைத்துத் தாங்குகிறோம் என்று பேசிக்கொள்வோம். மாமாவின் ஜீப்புக்குக் கூட்டம் சேர்வதைப் பார்த்து மற்ற ஜீப்காரர்களும் குழாயை அப்படியே தூக்கிக் கட்டிக்கொண்டார்கள்.

புகை கெடுதல் என்று தெரியாத ஜனங்கள் இல்லை நாங்கள். பாக்சைட் லாரியும் பஸ்ஸும் கரும்புகை கக்கிக்கொண்டு ஏறும்போது பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வோம். எதிரே லாரி வந்தாலே ஜீப்பின் படுதாவைச் சட்டென்று இறக்கிவிடுவோம். "என்ற வண்டி பொகையே உடாதுங்க, பின்னால நின்னு வேணும்னா பாருங்க" என்பது மாமா வழக்கமாக அடித்துக்கொள்ளும் தம்பட்டம். பின்னால் நின்று பார்த்தால் நிஜமாகவே ஒன்றும் தெரியாது.

அக்காவுக்குப் பல வருஷம் குழந்தை தங்கவில்லை. போகாத மாதா கோயில் இல்லை, வைக்காத வேண்டுதல் இல்லை. ஊர்ப் பெண்கள் அவளைத் தங்கள் வீட்டுச் சடங்குகளில் பின் வரிசையில் உட்காரவைத்தபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கடைசியில் அவள் வயிற்றில் ஒரு உயிர் தங்கியதும் மாமா செய்த அட்டகாசத்தைச் சொல்லி முடியாது. அவளைக் குடம் தூக்க விடமாட்டார். கிணற்றடிப் பக்கம் போக விடமாட்டார். மாதா மாதம் சேலத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டக் கூட்டிப் போவார், ஜீப்பில்தான், சூட்டு மூலையில்தான். சாக்குக்கு மேல் ஒரு கம்பளியும் சேர்ந்துகொண்டது. போய்த் திரும்புகிற நாளெல்லாம் அக்காவுக்கு மண்டையிடி இருக்கும். நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். "பாதி வழியிலயே தூங்கிட்டா, வாந்தியே எடுக்கலீங்க அத்தை" என்று மாமா அம்மாவிடம் சந்தோஷமாகச் சொல்வார். வளைவில் தூங்கிவிடுவது பெரிய கொடுப்பினை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

டாக்டரம்மா ஒருதரம் குழந்தை கொஞ்சம் சின்னதாக இருக்கிறது என்று சொன்னாராம். அன்றிலிருந்து மாமா முட்டையும் கேழ்வரகுக் கூழும் கமலா ஆரஞ்சுமாகக் கொண்டுவந்து கொட்டினார். "அவளுக்கே வயித்துல எடமில்ல, பழத்தை எங்கீங்க வெப்பா?" என்று நான்தான் சத்தம் போட்டேன்.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும், மலைப்பாதையை நம்ப முடியாது, முன்கூட்டியே வந்து சேர்ந்துவிடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் கிளம்பினோம். அக்கா, அம்மா, நான், ஓட்ட மாமா. வேறு யாரையும் ஏற்றவில்லை. மூலை ஆறிவிடக் கூடாது என்று மாமா அன்று இறக்கத்திலும் இன்ஜினை அணைக்காமல் வந்தார். அக்கா சூட்டு மூலையில், அவள் பக்கத்தில் அம்மா. நான் எப்போதும் வாந்திக்காரி என்பதால் வாசல் ஓரம். ஏற்காட்டைத் தாண்டிப் பாதி மலை இறங்கியிருப்போம், ஒரு வளைவில் மரம் விழுந்து சாலையை அடைத்துக் கிடந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு லாரி, அதற்கு முன்னால் பஸ். பின்னாலும் வண்டிகள் சேர்ந்துகொண்டே வந்தன. திரும்பவும் வழியில்லை.

மாமா கொடுவாளை எடுத்துக்கொண்டு மற்ற ஆண்களோடு மரத்தை வெட்டப் போனார். போகும்போது இன்ஜினை அணைக்கக் கை வைத்தவர், பின்னால் திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"ஆஃப் பண்ணிட்டா தகரம் சில்லுனு ஆயிருமே. குளிருமா கண்ணு?"

"ஓடட்டுமுங்க மாப்பிள்ளை, புள்ளைக்குக் குளிரு ஏறக்கூடாது" என்றாள் அம்மா.

மாமா அப்படியே ஓடவிட்டுவிட்டுப் போனார். இறக்கத்தில்கூடப் பெட்ரோல் செலவழிக்காத மனிதர். அன்றைக்கு அவர் தாராளமாக இருந்தார்.

முன்னால் நின்ற லாரிக்காரனும் இன்ஜினை அணைக்கவில்லை. கருகருவென்று புகையை எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தான். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். லாரிக்காரனிடம் போய் ஒரு சண்டையும் போட்டேன். அவன் சிரித்தான். நான் இறங்கியதும் அம்மா புகை உள்ளே வரக்கூடாது என்று படுதாவை நாலு பக்கமும் இறக்கி, வார்களை இழுத்துக் கட்டிக்கொண்டாள். வெளியிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பத்திரமாக இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மரம் பெரிய மரம். நாங்கள் அங்கே வெகுநேரம் கிடந்தோம். ஒருதரம் படுதாவை விலக்கி எட்டிப் பார்த்தேன். அக்கா பெஞ்சில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மண்ட வெடிக்குது சாமி. அந்தப் பாழாப்போன லாரிப் பொகைதான். இவ பாரு, நிம்மதியாத் தூங்கறா. மொகம் எப்படிச் செவந்து கெடக்குது பாத்தியா? சூடு நல்லா ஏறியிருக்குது."

அக்காவின் கன்னம் செக்கச் செவேல் என்றுதான் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவளை அவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை. குளிர் உள்ளே போகாமல் படுதாவை மறுபடி மூடினேன்.

பாதை திறந்து, மாமா வந்து ஏறி, வண்டி அடிவாரத்துக்கு வந்தபோதுதான் எங்களுக்குச் சந்தேகம் வந்தது. அக்காவை எழுப்பினால் முனகினாள், கண்ணைத் திறக்கவில்லை. அம்மா வாசலில் தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். "வளைவு ஒத்துக்கல, வளைவு ஒத்துக்கல" என்று மாமா சொல்லிக்கொண்டே ஓட்டினார். சேலம் ரோட்டில் அப்படி ஒரு வேகத்தில் அந்த ஜீப் அதற்கு முன்பு போனதில்லை.

ஆஸ்பத்திரியில் அக்காவின் மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டரம்மா அவள் வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார். இடம் மாற்றி வைத்துக் கேட்டார். பிறகு காதிலிருந்து குழாயை எடுத்தார். குழந்தையின் நெஞ்சுச் சத்தம் கேட்கவில்லை என்று சொன்னார். மறுநாள் காலையில் குழந்தை பிறந்தது. பெண். கைவிரல், நகம், தலைமுடி எல்லாம் முழுதாக இருந்தது. இறந்து பிறக்கும் குழந்தை நீலம் பாரித்திருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இது ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது. தட்டினால் அழும் என்று தோன்றியது. மாமா அதைக் கையில் வாங்கி, "நல்லாத்தானே இருக்கா? நல்லாத்தானே இருக்காங்க டாக்டரம்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் அந்த இடத்தைவிட்டு ஓடிவிட்டேன்.

டாக்டரம்மா என்னையும் அம்மாவையும் தனியாகக் கூப்பிட்டார். எந்த வண்டியில் வந்தீர்கள், யார் யாருக்குத் தலைவலி, யார் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கும் மாமாவுக்கும் ஒன்றுமில்லை, உள்ளே இருந்த இருவருக்கும்தான் என்றதும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

"பெட்ரோல் புகைம்மா. அதுல ஒரு விஷ வாயு இருக்கு. கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் இருக்காது. ரத்தத்துல போய் உட்கார்ந்துக்கும், மூச்சு ரத்தத்துல சேராது. தாயைவிட வயித்துல இருக்கற குழந்தையைத்தான் அதிகமாத் தாக்கும். முகம் சிவக்கறது அதனாலதான்."

"பொகையே வரலீங்களே டாக்டரம்மா" என்றாள் அம்மா. "பொகை வரக்கூடாதுன்னுதானுங்க படுதாவையே இழுத்துக் கட்டுனேன்."

டாக்டரம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மாதா மாதம் வந்துபோனபோது வந்த தலைவலியும் அந்தப் புகையாக இருக்கலாம் என்றார். குழந்தை சரியாக வளராததற்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். வெளியே வந்ததும் அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மாப்பிள்ளைகிட்ட இதைச் சொல்லாத. மனுசன் நாண்டுக்கிட்டுச் செத்துப்போவாரு. சொல்லமாட்டேன்னு சொல்லு."

அவள் தனக்காகவும்தான் கேட்டாள் என்பது எனக்குப் புரிந்தது. சொல்லமாட்டேன் என்றேன்.

அம்மாவை அக்காவுக்குத் துணையாக விட்டுவிட்டு, குழந்தையை அடக்கம் செய்ய நானும் மாமாவும் மட்டும் மலையேறினோம். வெள்ளைத் துணியில் சுற்றிய பொட்டலம் என் மடியில். மாமா வண்டியைக் கிளப்புவதற்கு முன் பின்னால் வந்து சாக்கை உதறி, கம்பளியை மடித்து, சூட்டு மூலையில் போட்டார்.

"அங்க உக்காந்துக்க கண்ணு. அவளுக்குக் குளிரும்."

"எனக்கு வாந்தி வருதுங்க மாமா. இங்கயே இருக்கறேன்."

"கொழந்தைக்குக் குளிரும் கண்ணு" என்று மறுபடியும் சொன்னார். அந்தக் குரலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். வாசல் ஓரத்தில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துக் குழந்தையின் மேல் போர்த்திக்கொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மலை ஏறி முடிக்கும்வரை நான் அழாமல் இருந்தது அவருக்காகத்தான். ஞானஸ்நானம் பெறாத குழந்தை என்பதால் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில், வேலியை ஒட்டி இடம் கொடுத்தார்கள். பெயர் வைக்கவில்லை.

அக்கா வீடு திரும்பியபோது பாதி ஆளாக இருந்தாள். பால் கட்டிக்கொண்டு வலியில் துடித்தாள். அதோடு இன்னொன்றும் இருந்தது. பேசிக்கொண்டே இருப்பாள், நடுவில் ஒரு சாதாரணச் சொல் கிடைக்காமல் திகைப்பாள். அடுப்பில் வைத்ததை மறந்துவிடுவாள். கை லேசாக நடுங்கும். விசனத்தில் அப்படி இருக்கிறாள் என்றார்கள் ஊர்க்காரர்கள். வருகிறவர்கள் எல்லோரும் வளைவுகளைத் திட்டிவிட்டுப் போனார்கள். "மின்னாடியே கீழ ஒரு ரூம் புடிச்சு வெச்சிருக்கோணும், நாந்தான் முட்டாள்" என்று மாமா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அடக்கத்துக்குப் பிறகு ஜீப்பை அவர் எடுக்கவே இல்லை. கொட்டகையில் தூசி படிந்து நின்றது.

ஒருநாள் நாங்கள் இருவரும் தனியாக இருந்தபோது அக்கா சொன்னாள்.

"எனக்குத் தெரியும் கண்ணு. டாக்டரம்மாகிட்ட நானே கேட்டேன், சொன்னாங்க. உங்க மாமாவுக்குத் தெரிய வேண்டாம். எனக்குக் குளிருதுன்னுதானே அவரு அதைக் கட்டுனாரு."

"கொழாயையாச்சும் அவுத்து உடச் சொல்லு அக்கா."

"ஏன்னு கேப்பாரு. எனக்குப் பொய் சொல்ல வராது. வண்டியப் பாத்தா அழுகாச்சியா வருது, வித்துருங்கன்னு சொல்லியிருக்கறேன். அது நெசந்தானே?"

மாமா விற்க ஒத்துக்கொண்டார். ஆனால் அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. வீடு திரும்பிய பிறகு அக்கா முதல்முறையாகக் கோயில் பூசைக்கு வருகிறேன் என்றாள். நடக்கத் தெம்பில்லை, மழைத் தூறல் வேறு. கோயிலுக்கு மட்டும் ஒரு நடை ஓட்டிவிட்டு மறுநாள் விற்றுவிடலாம் என்று மாமா வண்டியை வெளியே எடுத்தார். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்களும் வழக்கம்போல வந்து ஏறிக்கொண்டார்கள். அக்கா என்னோடு வாசல் ஓரத்தில் உட்கார்ந்தாள். கடைசியாக ஒரு சின்னப் பெண் வந்தாள், தலைப்பிள்ளை, ஏழெட்டு மாதம் இருக்கும்.

அவளைப் பார்த்ததும் மாமா டிரைவர் சீட்டிலிருந்து இறங்கிப் பின்னால் வந்தார். அந்தச் சாக்கை எடுத்து உதறினார்.

"இங்க உக்காருங்க அம்மிணி. நாலு பேரு எந்திரிச்சு எடம் உடுங்க. புள்ளைத்தாச்சிக்குக் குளிரக் கூடாது."

அந்தப் பெண் தயங்கித் தயங்கி உள்ளே போவதற்குள், என் பக்கத்தில் இருந்த அக்கா எழுந்து போய் சூட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டாள்.

"இது என்ற எடம்" என்றாள்.

எங்கள் ஊரில் அந்த இடத்தை அப்படி யாரும் பிடித்ததில்லை. ஒரு பெண், "தனக்கு இல்லைன்னதும் அடுத்தவ வயித்தப் பாத்தா எரியுதாட்டம் இருக்குது" என்று பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள். முணுமுணுப்பு எல்லோருக்கும் கேட்டது. கர்ப்பிணிப் பெண் பயந்துபோய்க் கீழே இறங்கிவிட்டாள், கண் பட்டுவிடும் என்று.

மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. அவர் அக்காவை அதட்டி நான் பார்த்ததில்லை.

"எந்திரி புள்ள. அந்தப் புள்ள உனக்கு என்ன பண்ணுச்சு? நம்மளுது போயிருச்சுன்னா ஊருல இருக்கறதெல்லாம் போகோணுமா?"

"ஆமாங்க" என்றாள் அக்கா. "எனக்குப் பொறாமைதானுங்க. நான் எந்திரிக்க மாட்டேன்."

நிமிர்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். பொய் சொல்ல வராது என்றவள். அவருக்கு உண்மை தெரியாமல் இருந்தால் போதும், ஊர் தன்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும் என்று அங்கே உட்கார்ந்திருந்தாள். "சீ, நீயெல்லாம் ஒரு தாயா?" என்று மாமா சொன்னார். அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்த மூலைதானுங்க மாமா நம்ம கொழந்தையக் கொன்னுச்சு!" என்று கத்தினேன். "உங்க வண்டிப் பொகை! டாக்டரம்மா சொன்னாங்க. நீங்க தாங்கமாட்டீங்கன்னு அக்கா சொல்லாம வெச்சிருந்தா. அவளையா நீங்க கேக்கறீங்க?"

மாமா என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு கோயிலுக்கு உடுத்தியிருந்த வெள்ளை வேட்டி சட்டையோடு அந்த ஈரச் செம்மண்ணில் மல்லாந்து படுத்து, ஜீப்புக்கு அடியில் நகர்ந்து போனார். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியில் தெரிந்தது. ஏறியிருந்த பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி நின்றார்கள். எஸ்டேட் சாலையின் குண்டு குழியில் அடிபட்டுக் குழாயின் இணைப்பு வாய் பிளந்திருந்தது. அதற்கு நேர் மேலே தரைத் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டையைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. இதெல்லாம் அவர் பிற்பாடு சொன்னது. அப்போது எங்களுக்குக் கேட்டது அவர் அழுகை மட்டும்தான். அக்கா இறங்கிப் போய் அவர் கால்மாட்டில் சேற்றில் உட்கார்ந்து, அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். யாரும் பூசைக்குப் போகவில்லை.

வெகுநேரம் கழித்துத்தான் அவர் வெளியே வந்தார். கையில் முறுக்கு அவிழ்த்த கட்டுக்கம்பி இருந்தது.

"அத்தனை நாளாத் தெரிஞ்சுக்கிட்டேவா எனக்குச் சோறு போட்டே?" என்று அக்காவிடம் கேட்டார்.

"பசியோட இருப்பீங்களேன்னுதானுங்க" என்றாள் அவள்.

மறுநாளிலிருந்து மாமா ஏற்காட்டில் ஜீப்புகள் நிற்கிற இடத்துக்குப் போகத் தொடங்கினார். அவரைப் பார்த்துக் குழாயைத் தூக்கிக் கட்டியவர்களிடம் அதை அவிழ்க்கச் சொன்னார். முதலில் யாரும் கேட்கவில்லை. கூட்டம் குறைந்துவிடும் என்றார்கள். புகை வெளியேதானே போகிறது அண்ணே என்று சிரித்தார்கள். கடைசியில் ஒரே வழிதான் இருந்தது. ஒவ்வொருவரிடமும் மாமா தன் வாயால், என் குழந்தையை நான்தான் கொன்றேன் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால்தான் அவிழ்த்தார்கள். அக்காவும் கூடவே போவாள். அவர் பாதியில் நின்றுவிட்டால் மீதியை அவள் சொல்வாள். அவளுக்குச் சொல் மறந்துபோனால் அவர் எடுத்துக் கொடுப்பார். புதிதாக ஒரு வண்டி வந்தால் திரும்பவும் முதலிலிருந்து. ஜீப்பை விற்று, வேறு வேலைக்குப் போன பிறகும் அதை அவர்கள் விடவில்லை. அவர்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை.

தொண்ணூறுகளில் ஒரு மே மாதச் சுற்றுலாக் கூட்டத்தில் நான் அவர்களோடு ஏரிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். திடீரென்று மழையும் பனிமூட்டமும் இறங்கிவிட்டன. ஓரமாக ஒரு டூரிஸ்ட் வேன் இன்ஜின் ஓடியபடி நின்றது. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. டிரைவர் எங்கோ டீ குடிக்கப் போயிருந்தான். உள்ளே ஒரு தாய், மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மாமா ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினார். அவள் விழிக்கவில்லை. இரண்டு கையாலும் அடித்தார். அக்காவும் சேர்ந்து அடித்தாள். அந்தப் பெண் திடுக்கிட்டு எழுந்து கதவைத் திறந்து, அறிவிருக்கிறதா என்று கத்தினாள். குழந்தையும் விழித்து வீறிட்டது. அது அழுததைக் கேட்டதும் மாமா அப்படியே வேனில் சாய்ந்துகொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க அம்மிணி. வண்டி ஓடறப்ப இப்படி மூடிக்கிட்டுத் தூங்கக் கூடாதுங்க. கொழந்தைக்கு ஆவாதுங்க."

அவர் கெஞ்சுவதைப் பார்த்து அந்தப் பெண் கொஞ்சம் தணிந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, பேச்சுக்காகத்தான் கேட்டாள்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணுங்க" என்றார் மாமா.

"என்ன படிக்குது?"

மாமா அக்காவின் பக்கம் திரும்பினார். அக்காதான் சொன்னாள்.

"அவ இல்லீங்க. வயித்துலயே போயிட்டா. அதனாலதானுங்க கண்ணாடியத் தட்டுனோம்."